மெச்சாமை

"சட்டை எப்படி இருக்கு?"

"சட்டைக்கென்ன, சட்டை நல்லாத்தான் இருக்கு."

மனைவியின் பதிலைக் கேட்ட கணவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டே படியிறங்கிப் போனார். பதினொரு மணிக்கு அகராதி அலுவலகத்தில், மேசைமேல் தலை சாய்த்தவர் பிறகு நிமிரவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து உதவிப் பதிப்பாசிரியர் ஒரு பெட்டியோடு வந்தார்.

"அண்ணனோட சீட்டுங்க, அண்ணி. கடைசியா 'மெச்சாமை'ங்கிற சொல்லுக்கு உதாரணம் சேர்த்துட்டிருந்தார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை காட்டணும்னு..."

"பொருத்தமான ஆளுக்குத்தான் அந்தச் சொல்லைக் குடுத்திருக்கீங்க. முப்பது வருஷம் தம்பி. என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை அந்த வாயிலேர்ந்து உதிர்ந்ததில்ல."

"இரங்கல் கூட்டத்துல இயக்குநர்கூட அண்ணனை ஆலமரம்னு..."

"அந்த ஆலமரம் உடைஞ்ச நாற்காலியை மாத்தித் தாங்கன்னு நாலு வருஷம் கேட்டுது. மாத்தினாரா?"

"இல்ல அண்ணி."

அவள் குரல் இறங்கியது. "இந்தப் பெட்டியில என்னைப் பத்தி ஒரு வரி, ஒரே ஒரு நல்ல வரி இருக்கா? பார்த்துச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். காதால் கேட்ட பேச்சைத்தான் உதாரணமாக எழுத வேண்டும் என்பது அந்த அகராதியின் கறாரான விதி. ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார்.

"'ஏதோ, கண்ணுக்குக் கெடுதல் இல்ல.'"

"ம்."

"'இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' அடுத்தது, 'பரிசு குடுத்தவங்க மத்த புத்தகத்தையெல்லாம் படிக்கலையா?'"

"யாரு தம்பி அது? வாயா, கத்திரிக்கோலா?"

அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தொரு சீட்டின் பின்புறத்திலும் 'கேட்ட இடம்: வீடு' என்று இருந்தது. கடைசிச் சீட்டில் மட்டும் கூடுதலாகச் சில வரிகள்:

'சொன்னவள் என் மனைவி. ஊரெல்லாம் அலைந்தும் இவள் பேச்சுக்கு ஈடாக ஒன்று கிடைக்கவில்லை. ஓர் எழுத்தையும் திருத்தாமல் அச்சிடவும்.'

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதை மறுபடி படித்தாள். வெகுநேரம் படித்தாள்.

"'இவள்'னு எழுதியிருக்கார். பேரைப் போட்டா கை தேஞ்சிடுமாமா?"

உதவிப் பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்து, நாற்பத்திரண்டாவது சீட்டை எடுத்தார்.