மீதி இட்லி

“புளிக்கிது. வேணாம்.”

ஒரு இட்லியில் பாதி ஊட்டியதுமே வேம்புலி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாமுண்டீஸ்வரி மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த இட்லியைப் பிட்டாள். அதிலும் இரண்டு வாய்தான் வாங்கினான்.

“இதுக்கு வேற சட்னி இல்லியா? போதும், எடு.”

அந்த மீதியும் அவள் வாய்க்கே போனது.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பரந்தாமனுக்குப் பொறுக்கவில்லை. செல்லமாக வளர்ந்த தங்கை, புருஷன் ஒதுக்கின மிச்சத்தைத் தின்றுகொண்டு நிற்கிறாள்!

“சாமு, கம்பெனி வண்டி வந்துடும். நீ கெளம்பு, நான் ஊட்டறேன்.”

“வேணாண்ணா. வேற யார் ஊட்டினாலும் அவரு துன்ன மாட்டாரு.”

போன வருஷம் வேம்புலிக்குக் கால் மதமதப்பில்தான் ஆரம்பித்தது. மூன்றே நாளில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. நரம்பைத் தாக்குகிற நோய் என்றார்கள். ஐந்து வாரம் மூச்சுக்கே மெஷின். வீட்டுக்கு வந்து பதினோரு மாதமாகக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கால் நீவிவிடுவது எல்லாம் சாமுண்டீஸ்வரிதான். நடுவில் தையல் கம்பெனி வேலை வேறு. இன்றைக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளையை பிசியோதெரபிக்கு அழைத்துப் போகத்தான் நசரத்பேட்டையிலிருந்து பரந்தாமன் வந்திருந்தான்.

அவள் கிளம்பியதும், ஆட்டோ பார்க்கத் தெருமுனைக்குப் போனான். திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

பரந்தாமன் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீயில் வேம்புலி பிஸ்கெட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். தன் கையாலேயே! விரல் லேசாக நடுங்கியது. ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை.

“எத்தினி நாளா, மாப்ள?”

வேம்புலி திடுக்கிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். “ஒரு மாசமா, மச்சான்.”

“ஒரு மாசமா அவள ஏமாத்திகினு கீறியா? ராவும் பகலும் ஓடறா, எலும்பும் தோலுமா கீறா. உனுக்கு உக்காந்த எடத்துல ஊட்டினாத்தான் எறங்குமா? அதுலயும் இது புளிக்கிது, அது வேணான்னு நொட்டை வேற! இப்பவே போன் போட்டு அவகிட்ட சொல்றேன்.”

“சொல்லிடாத மச்சான்.”

“ஏன், சொகம் போயிடுமா?”

வேம்புலி டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“போன மாசம் கம்பெனில மயங்கி வுழுந்துட்டா. எங்கிட்ட மூச்சு வுடல. கூட வேல செய்யற ஜோதிகாதான் போன் பண்ணி சொல்லிச்சு. அங்க நர்ஸம்மா எட போட்டா, முப்பத்தாறு கிலோவாம். நாப்பதாவது இருக்கணும்னாங்களாம்.”

பரந்தாமன் உட்கார்ந்தான்.

“எனுக்கு எல்லாம் செஞ்சிட்டு, அவ அப்டியே ஓடிடுவா. துன்னுட்டுப் போடின்னா, ‘அப்பால துன்றேன்’னுவா. கெஞ்சிப் பாத்தேன், சண்டை போட்டேன், எதுவும் நடக்கல. நான் துன்னாம ஒதுக்கினா மட்டும், வீணாவுதேன்னு வாய்ல போட்டுக்கறா. நானே எடுத்துத் துன்ன ஆரம்பிச்சேன்னு வையி, அதுவும் போச்சு.”

“அதுக்காக... கை வந்த சேதியக்கூடவா மறைப்ப? அதுக்குத்தான மாப்ள அவ கோயில் கோயிலா சுத்தறா?”

“காட்டணும்னு எனுக்கு மட்டும் ஆசை இல்லியா?” வேம்புலி தன் விரல்களை மடக்கி விரித்தான். “நேத்து ஜோதிகா முப்பத்தெட்டுன்னு சொல்லிச்சு. இன்னும் ரெண்டே கிலோ, மச்சான். அப்பறம் இந்தக் கையாலயே அவளுக்கு ஊட்டறேன்.”