துணி மூடிய பலகை

"அந்தப் பலகையில இருக்கிற துணியை எடுடி. ரொட்டி எங்கேருந்து வந்ததுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

பொது அடுப்பு வாசலை மறித்து நின்றாள் ரக்கியா. காஸாபிளாங்காவின் அந்தத் தகரக் குடிசைச் சந்தில் யார் வீட்டிலும் அடுப்பு கிடையாது. பிசைந்து தட்டிய மாவைப் பலகையில் அடுக்கி, துணி போட்டு மூடிப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். அடுப்புக்காரர் அல்லால் சுட்டுக் கொடுப்பார். ரொட்டி மாறிவிடாமலிருக்க மாவின்மேல் வீட்டுக்கு ஓர் அடையாளம்.

பத்து வயது ஹஸ்னா பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னப் பொண்ணு, விட்டுடுங்கக்கா" என்றார் அல்லால்.

"சின்னப் பொண்ணா? விளைஞ்ச கள்ளி. இவங்க வீட்டுல மாவு வாங்கி மூணு வாரமாச்சு. இங்க இருக்கிற ஒரே மாவுக்கடை எங்களோடது, எனக்குத் தெரியாதா? காலிப் பலகையை மூடி எடுத்துட்டு வர்றா. போகும்போது மட்டும் எப்படி ரொம்பும்?"

சுட்ட ரொட்டியோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினாள் ரக்கியா.

"உங்களையும்தான் சொல்றேன். வழியில சூடா ஒண்ணைத் தின்னுட்டோம்னு தினம் வீட்டுல அடி வாங்குறீங்க. வெட்கமா இல்லை? குப்பைமேட்டுல வளர்ந்தா வேற என்ன வரும்? என் மகன் அனீஸும் இதே வழியிலதான் வர்றான். பத்து ரொட்டி கொடுத்தா பத்தும் பத்தாவே வீடு வந்து சேரும். வளர்ப்புன்னா அது."

பலகையோடு ஓரமாக நின்ற அனீஸ் தரையைப் பார்த்தான்.

"வேண்டாம் பெரியம்மா" என்றாள் ஹஸ்னா. "வீட்டுல மாவு இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா அம்மா வெளிய தலை காட்ட மாட்டாங்க."

ரக்கியா துணியை உருவினாள்.

ஏழு ரொட்டிகள். ஒன்றில் முள்கரண்டிக் குத்து, ஒன்றில் டம்ளர் விளிம்பு, ஒன்றில் கட்டைவிரல் பள்ளம். ஒன்றைப் போல் ஒன்றில்லை.

"பார்த்தீங்களா? ஏழு வீட்டுல கை வெச்சிருக்கா."

வரிசையின் முன்னால் நின்ற ஓட்டைப்பல் பையன் இத்ரீஸ் சொன்னான். "அவ எடுக்கலை. நாங்கதான் வெச்சோம். ஆளுக்கு ஒண்ணு."

"வழியில தின்னுட்டோம்னு வீட்டுல சொல்லிக்குவோம்" என்றாள் அவன் பின்னால் நின்றவள். "அடி ரெண்டு நிமிஷம்தான் வலிக்கும்."

ரக்கியா குனிந்தாள். கண் பலகையில் ஓடியது. அவள் வீட்டு அடையாளம் நட்சத்திரம். ஏழு ரொட்டியையும் ஒரு முறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

அல்லால் துணியை வாங்கிப் பலகையை மூடினார்.

"தேடாதீங்கக்கா. உங்க ரொட்டி பத்தும் பத்தாவே அனீஸ்கிட்ட இருக்கு."