துவைக்காத அங்கி

"அதெல்லாம் பெரிய வீட்டுச் சாவுக்குடா பலராமா. நம்ம வாசலுக்கு யாரு வந்து விரிப்பா?"

தணிகாசலம் மாமா சொல்லிவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பாடை கட்டி முடிந்துவிட்டது. அம்மாவாசையைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பச்சை ஓலையில் கிடத்தியிருந்தார்கள். முத்தியால்பேட்டை ஜனம் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குக் கிளம்பத் தயார். பெற்ற மகன் பலராமன்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"பாடைக்கு முன்னால துணி விரிக்காம எங்கப்பாவத் தூக்க விடமாட்டேன் மாமா."

"புரியாதவனாட்டம் பேசாத. இந்தப் பக்கத்துக்கே அந்த வேல செய்யிறவன் ஒருத்தன்தான். அவன் இன்னிக்கு வரமாட்டான்."

"வரமாட்டாருன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் இன்னாடா? வழக்கம் இல்லாதத நீ செஞ்சிட்டுக் கப்பல் ஏறிடுவ. பெரிய வீட்டுக்காரங்க மூஞ்சியில நாங்கல்ல முழிக்கணும்!"

தெருமுனையில் பெரிய வீட்டுக் கலியபெருமாள் கைத்தடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜனம் அவரையும் பார்த்தது, இவனையும் பார்த்தது.

பலராமன் பொல்லாதவன் இல்லை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிப்போன பிறகும் அவன் சர்க்கார் உதவித்தொகையில் பிரெஞ்சு தேசத்துத் துலூசு நகரம் வரைக்கும் படிக்கப் போன பிள்ளை. அப்பனுக்கு முடியவில்லை என்று அங்கே தந்தி போனபோது ஆள் ஊரில் இல்லை. தந்தி அவன் தங்கியிருந்த அறையின் கதவிடுக்கிலேயே கிடந்தது. விஷயம் தெரிந்து, அடித்துப் பிடித்துக் கப்பல் ஏறி முந்தாநாள் வந்து சேர்ந்தபோது, அப்பாவுக்கு முக்கால் உயிர் போயிருந்தது.

"தந்தி குடுத்தமே பாவி, எங்கடா போயிருந்த?" என்று அக்கா அஞ்சலாட்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"போர்த்துகல்ல கொயிம்ப்ரான்னு ஒரு சின்ன ஊருக்கா. கூடப் படிக்கிற மனுவேலோட ஊரு. லீவுக்குக் கூப்புட்டான். ஒரு வாரம்னு போனவன் ரெண்டு மாசம் இருந்துட்டேன்."

"அங்க இன்னா வேல உனக்கு?"

"ஒரு வேலையும் இல்லக்கா. சும்மாதான் இருந்தேன்."

சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா இங்கே கிடையாய்க் கிடந்த நேரத்தில் அங்கே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

உள்ளே பாயில் கிடந்த அம்மாவாசை கண்ணைத் திறந்தார்.

"அவனத் திட்டாதம்மா. நீ வாடா. எப்பிடி இருந்துச்சு அந்த ஊரு?"

பலராமன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேட்டு மேல காலேஜு, கீழ ஆறு. மனுவேலோட அம்மா உப்பு மீன் சமைச்சுப் போடும். தின்னுட்டு ஆத்தங்கரையில போயி உக்காந்துக்குவேன். பொம்பளைங்க துணி துவைச்சுக் கரையெல்லாம் காயப்போடுவாங்க. அதப் பாத்துக்கினே பொழுது போயிடும். நம்ம ஊரு நெனப்பாவே இருக்கும்பா."

அப்பா தலையை ஆட்டினார். புறப்படும்போது மனுவேல் கொடுத்த கருப்பு அங்கியைப் பலராமன் பெட்டியிலிருந்து எடுத்தான். அந்த ஊர்ப் பையன்கள் சட்டைக்கு மேல் போர்த்திக்கொண்டு காலேஜுக்குப் போவது. அப்பா அதன் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார்.

"நல்ல கம்பளி. எப்பிடிடா துவைப்பாங்க இத?"

"துவைக்கவே கூடாதாம்பா. படிச்ச காலத்து நெனப்பெல்லாம் தண்ணியோட போயிடுமாம்."

"துவைக்கவே கூடாதா? அட, நல்ல ஊருடா அது!"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"இன்னொண்ணு கேளுப்பா. மரியாதப்பட்டவங்க யாராச்சும் வந்தா, பசங்க இதக் கழட்டித் தரையில விரிப்பாங்க. அவங்க அது மேல நடந்து போவாங்க."

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"யாரு விரிக்கிறா?"

"படிக்கிற பசங்கதான்."

"கூலிக்கா?"

"இல்லப்பா."

"யாரும் அதட்டாமயா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்களாவே விரிப்பாங்க."

"அவங்களாவே விரிக்கிறாங்க" என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் அவர் யாரிடமும் பேசவில்லை. இன்று விடியற்காலம் அடங்கிவிட்டார்.

இப்போது பலராமன் உள்ளே போய் அந்த அங்கியை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அடேய், கருப்பையா?" மாமா பதறினார். "சாவுக்கு வெள்ளதான்டா விரிப்பாங்க!"

"வெள்ளைய எங்கப்பா நெறைய பாத்துட்டாரு மாமா."

"வேணான்டா. பெரிய வீட்டுக்காரரு பாத்துக்கினு நிக்கிறாரு."

"பாக்கட்டும். தூக்குங்க."

குனிந்து அங்கியைத் தெருவில் விரித்தான். தோள் கொடுக்க வேண்டியவர்கள் தெருமுனையைப் பார்த்தார்கள். அஞ்சலாட்சி, "எங்கப்பாவத் தூக்குங்கய்யா!" என்று ஓவென்று கதறினாள். நாலு பேர் தோள் கொடுத்தார்கள். பாடை அங்கியின் மேலாக நகர்ந்தது.

நாலு எட்டில் துணி முடிந்துவிட்டது. தூக்கியவர்கள் தயங்கி நின்றார்கள். பின்னால் கிடந்த அங்கியை எடுக்கப் பலராமன் ஓடினான். அதற்குள் தணிகாசலம் மாமா தன் தோள் துண்டை உதறி முன்னால் விரித்துவிட்டார். பலராமன் திரும்பி வந்து அங்கியை அதற்கு முன்னால் போட்டான்.

அங்கியும் துண்டும் மாறி மாறி விழ, பாடை தெருமுனைக்கு வந்தது. கலியபெருமாள் ஓரமாக ஒதுங்கினார்.

அவருடைய அப்பா போனபோதும், தாத்தா போனபோதும், அந்தத் தெருவில் பெரிய வீட்டுப் பாடை போன நாளெல்லாம் முன்னால் குனிந்து குனிந்து வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போன வண்ணான் அம்மாவாசை, அன்றைக்குத்தான் முதல்முதலாகத் துணியின் மேல் போனார்.