எட்டாம் மாதத்தின் மேல் இரண்டு கோடுகள்

சொர்வான் முகாமின் அலுவலக அறையில் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெண்டி முனகுகிறது. ஜன்னல் கண்ணாடியில் பாதிக்குப் பனி. சார்ஜென்ட் பொங் பணிப்பதிவேட்டை வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறார். கேப்டன் ஓக் அதிகாரியாக நியமனம் பெற்றது மூன்றாம் மாதம். பதிவேட்டில் யாரோ ஓர் எழுத்தர் 3-இன் வாயை மூடி 8 ஆக்கிவிட்டார். அதனால் அதே வருடம் ஆறாம் மாதம் சேர்ந்த கேப்டன் பியோ ஒன்பது வருடமாக ஓக்குக்கு மூத்தவர். மேஜர் பதவிக்கான பட்டியலிலும் அவர்தான் மேலே. இன்று அந்தப் பிழையைத் திருத்தும்போது வரிசை மாறுவதால், ஓக்கோடு அவரும் கையெழுத்திட வந்திருக்கிறார். “இத்தனை வருஷமா வாய மூடிக்கிட்டா இருந்தே?” என்கிறார் பியோ. “ஆறு மனு குடுத்தேன் சார்,” என்கிறார் ஓக். “ஆறும் பத்திரமா இந்தக் கோப்புலயே இருக்கு,” என்று பொங் தட்டிக் காட்டுகிறார். அளவுகோலை வைத்து, 8-இன் மேல் சிவப்பில் இரண்டு கோடு போட்டு, மேலே 3 என்று எழுதி, முத்திரையில் வாயால் ஊதி அழுத்துகிறார். பியோ கையெழுத்திடுகிறார். கிளம்பும்போது, பழக்கத்தில், ஓக்கின் கை நெற்றிக்கு உயர்கிறது. பியோ அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்குகிறார். “இருங்க சார், இனிமே நான்தான்.” குதிகால்களைச் சேர்த்து விறைப்பாகச் சல்யூட் வைக்கிறார். ஓக் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கிறார்.