வாங்க தம்பி

மாத்தளை மாவட்டத்திலேயே பெற்ற தகப்பனிடம் ‘வாங்க, போங்க’ வாங்கிய ஒரே மகன் தான்தான் என்று விஜேந்திரன் அறிவித்தான். சீகிரியா ஹோட்டலில் சூப்பர்வைசர் ஆகிவிட்டால் பெற்றவரிடமிருந்தும் மரியாதை தானாக வந்துவிடும் என்பது அவன் கட்சி.

ஆதாரமும் இருந்தது. லீவில் அவன் பலாபத்வல வீட்டுக்குள் கால் வைத்ததுமே அப்பா முத்துவீரனின் முகம் மலர்ந்தது. “வாங்க தம்பி, ஒக்காருங்க” என்றார். போன வருடம்வரை அதே வாயில் ‘டேய்’தான். சூப்பர்வைசர் பதவியும் அப்பாவின் நோயும் ஒரே வருடத்தில் வந்தவை.

அக்கா விஜிதாவுக்கு வயிறு எரிந்தது. மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகும், லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய், மருந்து கிடையாது என்று கண்டி டொக்டர் கைவிரித்ததிலிருந்து குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவள்தான். அதற்கு அவளுக்குக் கிடைப்பது, “ஏன்டி, சோத்துல உப்பு எங்கடி?”

அன்றைக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. “என்னையும் ஒரு தடவ மரியாதையா கூப்பிடுங்கப்பா” என்று கேட்டே விட்டாள்.

விஜேந்திரன் சிரித்தான். “கெஞ்சிக் கேட்டு வாங்குறதாக்கா மரியாத?”

அப்போது கேஸ் கடை ஊழியர் ஒருவர் தோளில் சிலிண்டரோடு வந்தார். கடையில் புதிதாகச் சேர்ந்தவர், அந்த வீட்டுக்கு அன்றுதான் முதல் தடவை.

அப்பாவின் முகம் மலர்ந்தது. “வாங்க தம்பி, ஒக்காருங்க.”

விஜேந்திரனுக்குச் சுர்ரென்றது. சிலிண்டர் தூக்குகிறவருக்கும் சூப்பர்வைசருக்கும் ஒரே மரியாதையா என்று அப்பாவிடமே கேட்டுவிட்டான்.

அப்பா அவனைச் சங்கடத்தோடு பார்த்தார். பிறகு விஜிதாவின் சேலையை இழுத்துக் கிசுகிசுத்தார்.

“ஏன்டி, இந்தத் தம்பி யாருடி? வந்ததுல இருந்து ஒக்காந்திருக்காரு. டீ குடுத்தியா?”

விஜிதா டீ ஊற்ற உள்ளே போனாள்.

அவள் கோப்பையோடு திரும்பி வந்தபோது கேஸ்காரர் போயிருந்தார். விஜேந்திரன் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் அப்பாவின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். குரல் அவனுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

“ஒரே ஒரு தடவ ‘டேய்’னு கூப்பிடுங்கப்பா.”