ரெஜானின் மானுக்கு எந்த ரவை

ரெஜான் விலைப்பட்டியல் புத்தகத்தை மேசையில் விரித்து, மூன்று படங்களின் மேல் விரலை ஓட்டினார்.

"இதில் எது? நீ சொன்னால் சரி."

சாப்பாட்டு அறையில் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய அந்தக் களஞ்சியத்தில், பதினைந்து நிமிட இடைவேளையில் இவ்வளவு அமைதி வாய்ப்பது அபூர்வம்.

படங்களில் இருந்தவை ரிவோல்வருக்கான ரவைகள். நீளத் துவக்கால் மான் சுட்டுச் சுட்டு மேற்பார்வையாளர் ரெஜானுக்கு அலுத்துப்போயிற்று. கைத்துப்பாக்கியால் வேட்டையாட இங்கே கனடாவில் அனுமதி இல்லை. எல்லை தாண்டினால் வெர்மொண்டில் உண்டு. அங்கே மைத்துனரிடம் ஒரு ரிவோல்வர் இருக்கிறது. சனிக்கிழமை அதோடு காட்டுக்குள் இறங்கப்போகிறார். ரவையை மைத்துனர் வாங்கி வைப்பார். எதை வாங்குவதென்று சொல்ல வேண்டியவன் யோகேந்திரன்.

ஏனென்றால் யோகேந்திரன் போராளி.

அப்படி அவன் ஒருநாளும் சொன்னதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ரெஜான் அவன் கைத் தழும்பைக் காட்டி, இலங்கையா, யுத்தமா என்று கேட்டார். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சில், சைக்கிள் செயின் கிழித்த கதையை விளக்க முடியவில்லை. தலையாட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு அவனை யாரும் கை சொடுக்கிக் கூப்பிடவில்லை. கருவாட்டுக் குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கினால்கூட ஒருவரும் மூக்கைப் பிடிப்பதில்லை. யோகேந்திரனுக்கு அது வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

உண்மையில் அவன் ஊரில் சங்கக்கடையில் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவன். இயக்கம் ஆள் சேர்க்க வந்தபோது கூரைக்குள் ஒளிந்திருந்தான். ஆமி வந்தபோதும் அதே கூரைதான். துவக்கை இரண்டு தரப்பாரின் கையிலும் பார்த்திருக்கிறான், தன் கையில் பார்த்ததில்லை.

இந்த உண்மை வெளியே வந்தால் மானம் போகும், அவ்வளவுதான். வராமல் இருப்பதில்தான் ஆபத்து.

அவனுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பம் மூன்று வருடமாகப் பாதுகாப்பு விசாரணையில் கிடக்கிறது. அது முடிந்தால்தான் வவுனியாவில் இருக்கும் மனைவி கௌரியும் மகளும் வரலாம். மகளுக்கு ஆறு வயது. அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். போன வருடம் கனடா இயக்கத்தைத் தடைசெய்த நாளிலிருந்து வழக்கறிஞர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: துவக்கு, இயக்கம், சண்டை, இந்தச் சொற்களின் பக்கத்தில் உங்கள் பெயர் வரவே கூடாது. வேலையிடத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். ஒழுங்கானவர், நேரத்துக்கு வருபவர் என்று இரண்டு வரி போதும்.

அந்த இரண்டு வரியை எழுத வேண்டியவர் ரெஜான்.

கேட்டு மூன்று வாரமாயிற்று. குடிவரவு அலுவலக விலாசமும் தன் விண்ணப்பத்தின் கோவை இலக்கமும் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்த மனிதர், அதற்குப் பிறகு மானைப் பற்றி மட்டும்தான் பேசினார். நேற்றுத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது கௌரி சிரிக்கவில்லை.

"சீனவெடி கொளுத்தவே உங்களுக்குக் கை நடுங்கும். அந்தாளிட்டை உண்மையைச் சொல்லிப்போட்டுக் கடிதத்தை வாங்குங்கோவன்."

நான்கு வருடம் ஏமாற்றியவனுக்கு யார் நன்னடத்தை எழுதிக் கொடுப்பார்கள்? முதலில் கடிதம் கைக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று யோகேந்திரன் முடிவெடுத்தான்.

ரெஜானின் விரல் இன்னும் படங்களின் மேலேயே இருந்தது.

முதலாவது பாரம் குறைந்தது, நுனியில் குழி. வேகமாகப் போய் உடம்புக்குள் விரியும். மூன்றாவது கெட்டி ஈயம். விரியாது, துளைத்துக்கொண்டு போகும், சுடுபவரின் மணிக்கட்டையும் ஒரு கை பார்க்கும். நடுவில் இருந்தது இருநூற்று நாற்பது கிரெய்ன் எடை, மிருதுவான ஈய நுனி. இதெல்லாம் முந்தாநாள் நூலகக் கணினியில் வாசித்தது. வாசித்ததில் தலை குழம்பியதுதான் மிச்சம்.

கடைசியில் சங்கக்கடைதான் கைகொடுத்தது. மூன்று ரக அரிசிக்கு முன்னால் சனம் யோசித்துக்கொண்டு நின்றால், நடுவில் இருப்பதைத் தள்ளிவிடு என்று மனேச்சர் சொல்லித் தந்திருந்தார். நடு அரிசி வாங்கிய ஒருவரும் திரும்பி வந்து சண்டை பிடித்ததில்லை.

யோகேந்திரன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவசரப்படாமல் நடுவில் இருந்ததைத் தொட்டான்.

ரெஜான் மேசையில் ஓங்கித் தட்டினார். மைத்துனரும் அதையேதான் சொன்னாராம். அவர் முப்பது வருட வேட்டைக்காரர். யாரோ விசிலடித்தார்கள்.

இதுதான் சமயமென்று யோகேந்திரன் கடிதத்தை நினைவூட்டினான்.

ரெஜான் அவன் தோளில் கைபோட்டார். "அதை நேற்றே குடிவரவுக்கு அனுப்பிவிட்டேனே. நீ கேட்டது இரண்டு வரி, நான் இரண்டு பக்கம் எழுதினேன்."

பிறகு எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இவ்வளவு சண்டை கண்ட ஒரு படைவீரனைப் பெண்டாட்டி பிள்ளையிடமிருந்து பிரித்துக் காக்கவைப்பது இந்த நாட்டுக்கே வெட்கம் என்று எழுதியிருந்தார். துப்பாக்கி விஷயத்தில் தானே அவனிடம்தான் ஆலோசனை கேட்பதாகவும் எழுதியிருந்தார். கீழே பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பதினொரு பேரும் இப்போது எழுந்து கைதட்டினார்கள். யோகேந்திரன் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தான்.