சொன்னதும் சொல்லாததும்

என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் அப்பா "போறேன்" என்று சொன்னதாக அம்மாவிடம் சொன்னவள் நான்தான். "வரேன்னுதான்டி சொன்னாரு, உனக்கு அப்பவே காது மந்தம்," என்பாள் அக்கா. மாலையில் புழல் ஏரியில் அவர் உடல் கிடைத்தது. கால் தவறி விழுந்தாரா, தானே இறங்கினாரா என்பது எங்களுக்கு அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணின் தசம இலக்கங்களிலிருந்து பழைய குரல்களைத் தேடி எடுத்துத் தரும் நிலையத்துக்கு மூவரும் போனோம். ஊழியர் இரண்டு ஒலிகளைப் போட்டார். ஒன்றில் "வரேன்", இன்னொன்றில் "போறேன்". இரண்டிலும் அப்பாவின் குரல்தான். அந்த லேசான இருமல்கூட இருந்தது.

"இதுல எதுப்பா நிஜம்?" என்றாள் அம்மா.

"முடிவே இல்லாத எண்ணும்மா. சொன்னதும் இருக்கும், சொல்லாததும் இருக்கும்."

"அப்ப அந்த 'போறேன்'கிறதை அழிச்சிடு தம்பி."

"பையிலேர்ந்து எதையும் அழிக்க முடியாதும்மா."

அம்மா என்னிடம் திரும்பி, "நீயாவது சொல்லாம இருந்திருக்கலாம்டி," என்றாள்.

அங்கிருந்து வாங்கி வந்த இரண்டு ஒலிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டபடி ஆறு வருடம் இருந்து அம்மா இறந்தாள். அக்கா ஓசூரில் இருக்கிறாள், என்னுடன் பேசுவதில்லை. நான் அந்த நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். எத்தனை ஒலிகள் கிடைத்தாலும், வருகிறவர்களுக்கு ஒன்றை மட்டும்தான் போட்டுக் காட்டுகிறேன்.